இன்னும் எவ்வளவு நேரம், சார்?

எடை மேடை ஜன்னலுக்கு வரும் லாரி டிரைவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் சார்?" நெல்லூர்க்காரர் "எந்த சேப்பு பட்துந்தி அன்னா?" என்பார். ராஜஸ்தானிலிருந்து வந்தவர் "கித்னா டைம் லகேகா பாய்சாப்?" என்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் மில்களின் வாசலில், ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொழில் காலம் போயிருக்கிறது. எடை போடுவது மிஷின். பதில் சொல்ல வேண்டியது நான்.

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையும் கொல்கத்தா நெடுஞ்சாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இடம் எங்கள் ஊர். எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரா வந்துவிடும். 1971-ல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை போட்ட பிறகு உருக்காலை, கம்பி மில், வார்ப்படப் பட்டறை, கெமிக்கல் கம்பெனி என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் பாதிப் பேருக்கு இரண்டு பாஷையும் வரும். தெலுங்கில் ஆரம்பித்த பேச்சைத் தமிழில் முடிப்பார்கள். எடை மேடையில் உட்காருகிறவனுக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் கிடையாது.

வேலை இதுதான். பழைய இரும்பு ஏற்றிய லாரி வரும். மேடையில் ஏற்றி மொத்த எடை பார்ப்போம். அது கிராஸ். பிறகு லாரி யார்டுக்குப் போகும். காந்தக் கிரேன் சரக்கை அள்ளி இறக்கும். காலி லாரி திரும்ப மேடை ஏறும். அது டேர். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் துப்பும்; டிரைவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவார். மேடைமேல் லாரி நிற்பது சில நிமிஷம். இரண்டு எடைக்கும் நடுவில் போகிற நேரம்தான் யார் கையிலும் இல்லை. கிரேன் வேறு பக்கம் போயிருக்கும். சரக்கைத் தரம் பார்க்கிறவர் சாப்பிடப் போயிருப்பார். ஷிப்டு மாறும். கரண்டு போகும். சில நாள் இரண்டு மணி நேரம், சில நாள் மறுநாள் காலை.

அந்த நேரம் முழுக்க டிரைவருக்கு வருமானம் இல்லை. அடுத்த லோடு கைவிட்டுப் போகும். சீட்டில் எடை குறைந்தால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் என் ஜன்னலுக்கு வருகிறவர்கள் பயத்தோடுதான் வருவார்கள். என் வயதில் பாதியாக இருந்தாலும், இரண்டு மடங்காக இருந்தாலும், கை தானாகக் கட்டிக்கொள்ளும், குரல் இறங்கும். ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவன் முகம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். காகிதத்தை அப்புறம்தான் நீட்டுவார்கள்.

நான் தொழில் கற்றது திருவள்ளூரில், ரோட்டோரத்து எடை மேடை ஒன்றில். செங்கல் சூளை லாரி, நெல் மூட்டை, மணல், வைக்கோல் எல்லாம் வரும். திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகிறவர்களில் சிலர், வெளியில் ஒரு எடை பார்த்துவிட்டுப் போகலாமென்று டிராக்டரைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். மேடை முதலாளி வயதானவர். எல்லாரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கருவியைப் பற்றியது. வருஷத்துக்கு ஒரு தடவை சட்ட முறை எடையளவுத் துறைக்காரர்கள் வந்து சோதித்து முத்திரை போடுவார்கள். ஆனால் தினமும் காலையில் முதல் வண்டிக்கு முன்னால் மேடையைத் துடைத்து, பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றார். இரண்டாவது பாடம் மனுஷனைப் பற்றியது.

"'இருப்பா, பாக்கலாம்'னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லாத. மணியைச் சொல்லு. அரை மணின்னு சொல்லி அது ஒரு மணியா ஆச்சுன்னா, நீ எழுந்து போய் அவன்கிட்ட சொல்லு. அவன் உன்னைத் தேடி வரக் கூடாது, நைனா."

கருவி பற்றிய பாடம் எல்லா ஆபரேட்டருக்கும் தெரியும். இரண்டாவது பாடத்தைச் செய்கிறவர்கள் குறைவு. செய்து பார்த்தால்தான் அதன் பலன் புரியும். "ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் உன் வண்டிக்கு வேலை இல்லை" என்று மத்தியானம் மூன்று மணிக்கு ஒருவனிடம் சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைப்போம். கோபம் ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு போய்க் குளிப்பான், சட்டை துவைத்துக் காயப்போடுவான், வீட்டுக்குப் போன் பேசுவான், காலை நீட்டித் தூங்குவான். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் எட்டு மணி நேரமும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான். அதே எட்டு மணி நேரம்தான். எனக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் விஜயவாடா வரை ராத்திரி வண்டி ஓட்டப்போகிறவன் தூங்கியிருக்கிறானா இல்லையா என்பது அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

பயத்தைப் பற்றிச் சொன்னேன். கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் நடந்தது இது. குண்டூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் காகிதத்தோடு மடித்த நோட்டையும் சேர்த்து ஜன்னலுக்குள் தள்ளினார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தள்ளினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. குறைவாகக் கொடுத்துவிட்டோம் போல என்று நினைத்து இன்னொரு நோட்டைச் சேர்த்து வைத்தார். அதையும் தள்ளினேன். மூன்றாவதை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். நான் அறையை விட்டு வெளியே வந்து, இரண்டு நோட்டையும் அவர் சட்டைப் பையில் நானே வைத்து, "உஞ்சுக்கோ அன்னா, டீ தாகு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கதையைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். அந்தக் காசில் அன்று வரிசையில் இருந்த எல்லாருக்கும் டீ வந்தது, எனக்கும் ஒன்று. அதை வாங்கிக்கொண்டேன். சேர்ந்து குடிக்கிற டீ வேறு கணக்கு.

சிரிப்பு என்று வந்தபின் 'பையன் எங்கே?' கதையைச் சொல்லாமல் போக முடியாது.

எங்கள் மேடை 60 டன் தாங்கும். பத்துப் பத்துக் கிலோவாகக் காட்டும். அதனால் லாரியில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் திரையில் தெரிந்துவிடும். மேடை ஏறியதும் இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவரும் கிளீனரும் இறங்கிவிட வேண்டும். செக்யூரிட்டி விசில் ஊதி இறக்கிவிடுவார். ஒரு மழை நாள் சாயங்காலம் கடப்பைப் பக்கத்து லாரி ஒன்று காலியாகித் திரும்ப மேடை ஏறியது. சீட்டைப் பார்த்த டிரைவர் தலையில் கை வைத்துவிட்டார். பில்லில் இருப்பதைவிட 60 கிலோ குறைவு. "வழியில் ஒரு ஆணி கூட விழவில்லை சார், தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கேன் சார்" என்று சாமி மேல் சத்தியம் செய்கிறார். யார்டிலிருந்து மேஸ்திரி வந்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் வந்தார்கள். லாரித் தொட்டியில் ஏறி ஏதாவது சரக்கு இறங்காமல் கிடக்கிறதா என்று பார்த்தார்கள். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டயர் இடுக்கில் சேறு இருக்கிறதா என்று குத்திப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மொத்த எடை போட்டபோது காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பொடியன், கிளீனர். காது மறைய மப்ளர் கட்டியிருந்தான். இப்போது அவனைக் காணோம். "பையன் எங்கே?" என்றேன். "டீ குடிக்கப் போயிருப்பான்" என்றார் டிரைவர். கேட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, இந்தப் பக்கமே அவன் வரவில்லை என்றார். நான் போய்க் கேபின் கதவைத் திறந்தேன். சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகையில் ஒரு பழைய கம்பளி, அதன்மேல் ஒரு தார்ப்பாய், அதன்மேல் டிரைவரின் லுங்கி. எல்லாவற்றையும் விலக்கினால் அடியில் மப்ளர். குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். செக்யூரிட்டி ஊதின விசில் அவன் காதில் எங்கே விழப்போகிறது!

இரண்டு பேர் அவனை அப்படியே தூக்கினார்கள். அவர்கள் மேடையை விட்டு இறங்கியதும் எல்லாரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். எடை ஐம்பது கிலோ இறங்கியது. "மீதி பத்துக் கிலோ?" என்றார் மேஸ்திரி. "மத்தியானம் என் காசுல தின்ன பிரியாணி சார்!" என்று டிரைவர் கத்தினார். முப்பது பேர் இருப்பார்கள். மழையில் நனைந்துகொண்டே அப்படிச் சிரித்தார்கள். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடுவில் நின்றான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அழப்போனான். அப்போது அந்தக் கடப்பைக்காரர் செய்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். பையனை இழுத்து அணைத்துக்கொண்டு, "ரெண்டு ராத்திரியா என்கூட முழிச்சுக்கிட்டு வந்தான் சார், நான் தூங்கிடக் கூடாதுன்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே வந்தான்" என்றார். கூட்டத்தின் சிரிப்பு மாறிவிட்டது. யாரோ பையனுக்கு பன் வாங்கிக்கொடுத்தார்கள். புதுச் சீட்டு போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் மேடையில் இரண்டாவது எடைக்கு முன்னால் "பையன் எங்கே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தனியாக ஓட்டி வருகிற டிரைவர்களிடமும் கேட்போம்.

மேடைக்கு ஒரு நாயும் உண்டு. விடியற்காலையில் இரும்புத் தளம் சில்லென்று இருக்கும் என்று வந்து நடுவில் படுத்துக்கொள்ளும். கருவி 10 கிலோ என்று காட்டும். சட்டக் கணக்கில், பத்துக் கிலோ பிரிவுள்ள மேடையில் 200 கிலோவுக்குக் கீழே போடுகிற எடை செல்லாது. ஆனால் வரிசையில் நிற்கிற டிரைவர்களுக்கு அந்த எண் மேல் அத்தனை அக்கறை. ஒரு கோடையில் திரையில் 20 என்று வந்தது. "அம்மா ஆகப்போகுது" என்று முதலில் சொன்னவர் ஒடிசா லாரிக்காரர். அதற்குப் பிறகு அந்த வாரம் வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில் தலை நீட்டி, தங்கள் லோடு எடையைக் கேட்பதற்கு முன்னால் நாயின் எடையைக் கேட்டார்கள். குட்டி போட்டபோது ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். போகிற வழியில் நின்று பால் பாக்கெட் வைத்துவிட்டுப் போவார்கள். யாருக்கு யார் என்ன உறவு? பேர் கூடத் தெரியாமல்தான் இதெல்லாம் நடக்கிறது.

இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. பல இடங்களில் லாரிக்காரர்களுக்குக் கழிப்பறை கிடையாது. நான் வேலை பார்த்த ஒரு மில்லில், பெயர் வேண்டாம், உள்ளே தொழிலாளருக்கு வரிசையாக இருந்தது; டிரைவர்களை மட்டும் விடமாட்டார்கள். "அவங்க நம்ம ஆளுங்க இல்ல" என்பது பதில். ரோட்டோர முள்ளுக் காட்டுக்குத்தான் போக வேண்டும். வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு பெரியவர், கூச்சத்தில் என்னிடம் கேட்க முடியாமல் மூன்று தடவை ஜன்னல் வரை வந்து வந்து திரும்பிப் போனதைப் பார்த்த பிறகு, எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே பிடிக்கவில்லை. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். தர்மம் நியாயம் என்று பேசினால் வேலைக்காகாது என்று தெரியும். "டிரைவர் வரிசையில் இல்லாததால் ஒவ்வொரு வண்டியும் மேடை ஏற இத்தனை நிமிஷம் தாமதமாகிறது" என்று ஒரு வாரக் கணக்கை எழுதிக் காட்டினேன். இரண்டு கழிப்பறை, ஒரு குழாய், துணி துவைக்க ஒரு கல் வந்தது. அந்தக் கல்லைப் பார்த்துத்தான் டிரைவர்கள் அசந்துபோனார்கள். கல் என் யோசனையில்லை; கொத்தனார் தானாகவே போட்டுவிட்டுப் போனார். "அப்பா லாரி ஓட்டுனவரு சார்" என்றார்.

கத்திரி வெயிலில் கேபினுக்குள் இருப்பது எப்படி என்று ஏறிப் பார்த்தால் தெரியும். இன்ஜின் சூடு கீழிருந்து, வெயில் மேலிருந்து. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நல்ல காரியம், ரொம்பத் தாமதமாக வந்த காரியம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற பழைய வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடும். எங்கள் அறைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் மண்பானை வைத்திருக்கிறோம். அதை நிரப்புவது யார் வேலை என்று எழுதி வைக்கவில்லை. கூட்டிப் பெருக்க வரும் ஆயா காலையில் நிரப்புவார். மத்தியானம் யார் கடைசி டம்ளர் குடிக்கிறாரோ அவர் நிரப்புவார்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது மில்கள் நின்றன. லோடோடு வந்து வாசலில் நின்ற லாரிகள் இறக்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மாட்டிக்கொண்டன. நெடுஞ்சாலையில் தாபாக்கள் மூடிக் கிடந்தன. டீக்கடை அக்கா கடையை மூடிவிட்டு, வீட்டில் சமைத்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்தார். முதல் இரண்டு நாள் காசு வாங்கவில்லை. மூன்றாம் நாள் டிரைவர்கள் தாங்களே வண்டியில் இருந்த ஸ்டவ்வை இறக்கிச் சேர்ந்து சமைக்க ஆரம்பித்தார்கள். ஹரியானாக்காரர் ஒருவர் சப்பாத்தி தேய்த்தார், நெல்லூர்க்காரர் பப்பு வைத்தார், அக்கா ரசம் கொடுத்துவிட்டார். ஹரியானாக்காரர் அதைச் சோற்றில் ஊற்றத் தெரியாமல் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, "சாய் கொஞ்சம் காரம்" என்றார். அத்தனை கவலைக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாரும் எப்படிச் சிரித்தார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அதே நாட்களில் பக்கத்து நெடுஞ்சாலையில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்து போனவர்களையும் பார்த்தேன். கிராமத்துப் பெண்கள் ரோட்டோரம் நின்று மோர் ஊற்றினார்கள். நடந்தவர்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த வலியை மோர் தீர்த்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

யார்டில் சரக்கு இறக்குகிற பையன்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா. அவர்களில் ஒருவன் தர்பங்கா பக்கத்துக்காரன். மெலிந்த உருவம். 2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவின. பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சொன்னது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்தால் எந்த அறிக்கை காதில் ஏறும்? பையன்கள் அறையை விட்டு வரவில்லை. அரிசி தீர்ந்துபோயிருந்தது. எங்கள் செக்யூரிட்டி எக்ஸ் சர்வீஸ்மேன். பெரிய மீசை, இந்தி நன்றாகப் பேசுவார். சாயங்காலம் டூட்டி முடிந்ததும் அவர்கள் அறைக்குப் போய், "வாங்கடா, பஜாருக்குப் போகலாம்" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். மளிகைக் கடைக்காரர் அந்தத் தர்பங்காப் பையனின் போனை வாங்கி, வீடியோவில் அவன் அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். பாஷை தெரியாது. கடையில் இருந்த வெல்லத்தை எடுத்துக் காட்டினார், பருப்பை எடுத்துக் காட்டினார், "பையன் நல்லா சாப்பிடறான்" என்பதற்கு வயிற்றைத் தடவிக் காட்டினார். அந்தம்மா சிரித்துவிட்டார்களாம். அந்த வாரமே ஹோலி வந்தது. எங்கள் செக்யூரிட்டியின் வெள்ளை மீசை இரண்டு நாள் ரோஸ் கலரில் இருந்தது. அதே மீசையோடு கேட்டில் நின்றார், கழுவச் சொல்லியும் கேட்கவில்லை.

அந்தப் பையனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. மேடைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்திருந்தோம். ராத்திரி எட்டரை மணி சுமாருக்கு, எங்களுக்கு முந்தின ஸ்டேஷனான கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் போகாமல் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மேல் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீ பிடித்தது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகள். காயம்பட்டவர்கள் உண்டு, உயிர் ஒன்றும் போகவில்லை. இருட்டில் முதலில் ஓடியது சுற்றுப்பக்கத்து ஜனங்கள்.

தர்பங்காப் பையனுக்குப் போன் வந்தது. "சார், நம்ம ஊரு ட்ரெய்ன்!" என்றான். வேறு வார்த்தை வரவில்லை. மிச்சம் இருந்த பொரி மூட்டை, தண்ணீர் கேன், எங்கள் அறையிலிருந்த டார்ச் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு யார்டுப் பையன்களும் மேஸ்திரியும் நான்கு பைக்கில் போனார்கள். பயணிகளைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்து, சென்னை சென்ட்ரலுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விடியற்காலையில் ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். மண்டபத்தில் இந்தப் பையன்தான் பாஷைக்குப் பாலமாக இருந்திருக்கிறான். ஒரு கிழவி ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றொன்று இல்லாமல் எழுந்திருக்கமாட்டேன் என்று அடம் பிடித்தாராம். தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். போட்டுக்கொண்டு, நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், அப்பா பேர் என்ன என்று விசாரித்து, கடைசியில் அவன் சித்தி வீட்டுக்கும் தன் ஊருக்கும் ஒரு கல்யாண சம்பந்தத்தைக் கண்டுபிடித்து, "இப்படி இளைச்சுப் போயிருக்கியே, இவங்க உனக்குச் சோறு போடறதில்லையா?" என்று பொரி கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் மேஸ்திரியைத் திட்டியிருக்கிறார். மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆசீர்வாதம் என்று நினைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மண்டபமே சிரித்தது என்று பையன் சொன்னான். அவன் வெறுங்காலோடு திரும்பி வந்தபோது விடிந்துவிட்டது. விஜயதசமி.

இப்போது ஆளில்லா எடை மேடைகள் வருகின்றன. கண்ணாடியில் ஒட்டின கார்டைக் கருவி படித்துக்கொள்ளும், கேமரா நம்பர் பிளேட்டைப் பார்க்கும், தடுப்புக் கட்டை தானாக எழும்பும், சீட்டு தானாக வரும். தேர்வாய் கண்டிகை சிப்காட் பக்கம் போய்வருகிற டிரைவர்கள் அதைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் மில்லிலும் போடப்போகிறார்கள். நான் எதிர்க்கவில்லை. எடையில் கைவைக்கிற வேலையெல்லாம் அதில் குறையும். ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிற ஆபரேட்டருக்கும் விடிவு. நான் ஆபீசில் போய்க் கேட்டது ஒன்றுதான்: லாரிக்காரன் கேட்கிற முதல் கேள்விக்கு அங்கே யார் பதில் சொல்வது?

பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் வாசலில் ஒரு பெரிய எலக்ட்ரானிக் போர்டு வைக்க ஒத்துக்கொண்டார்கள். வரிசையில் எத்தனை வண்டி, யார்டில் கிரேன் ஓடுகிறதா நிற்கிறதா, அடுத்த வண்டிக்கு ஏறக்குறைய எத்தனை மணி என்று அதில் வரும். ஷிப்டு சூப்பர்வைசர் மணிக்கு ஒரு தரம் அதை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஆபீசில் சிவப்பு விளக்கு எரியும். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் வாசகம் எழுதிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. தெலுங்கை டீக்கடை அக்காவும், இந்தியைத் தர்பங்காப் பையனும் பார்த்துத் திருத்துகிறார்கள். 'காத்திருக்கவும்' என்ற வார்த்தை எந்த மொழியிலும் வரக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கழிப்பறை, குளியல் குழாய், துவைக்கும் கல் இடது பக்கம். குடிநீர் வேப்ப மரத்தடி. டீக்கடை கேட்டுக்கு எதிரில். உடம்பு சரியில்லை என்றால் இந்த நம்பர். கடைசி வரியைப் பையன்கள் சேர்க்கச் சொல்கிறார்கள், ஆபீசில் இன்னும் ஒப்புதல் வரவில்லை: இரண்டாவது எடைக்கு முன் கேபினில் யாராவது தூங்குகிறார்களா என்று பார்க்கவும்.